காற்றை அடைத்த மிருக வைத்தியர்

கடந்த மார்கழியில் ஒரு நாள் பின்னேரம், முருங்கனிலிருந்து மன்னாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சான் கார் ஓட்டினார். நான் முன்னால், அம்மா பின்னால். மூன்று நாளாக விடாத மழை. உயிலங்குளம் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வெள்ளக்காடாகக் கிடந்தது. தெருவில் படுத்திருந்த மாடுகளைக் கண்டு மச்சான் பிரேக் போட்டார். கார் நிற்கவில்லை. சில்லுகள் தெருவை விட்டு எழும்பியதுபோல இருந்தது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. கடைசி மாட்டுக்கு ஒரு முழம் இடைவெளியில், வீதியோரச் சேற்றில் இறங்கி நின்றது.

யாருக்கும் காயமில்லை. ஆனால் அம்மா ஒரு சத்தமும் போடாமல் இரண்டு கையாலும் வலது தொடையைப் பிடித்தபடி இருந்தார். அந்தத் தொடைக்குள் 2009 தை மாதத்திலிருந்து ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது.

அடுத்த நாள் காலை மன்னார் நகரில் ஒரு ரயர் கடைக்குப் போனோம். மச்சானின் கார் ஸ்போர்ட்ஸ் ரக சலூன். கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. நாலு ரயரும் மொட்டை. கடைக்காரர் மூன்று விதமாகக் காட்டினார். ஒன்று, பழைய ரயரில் புது இறப்பர் ஒட்டி வந்த மலிவானது. இரண்டாவது, அகலமாக, பள்ளங்கள் மிகக் குறைவாக, பந்தயக் காருடையது போன்ற அழகான சாமான். மூன்றாவது, நடுவே ஆழமான நீண்ட பள்ளங்கள் ஓடும் ஒன்று. மச்சானின் கண் இரண்டாவதிலேயே நின்றது. முடிவெடுக்க ஒரு நாள் தவணை கேட்டு வந்தோம். கடைச் சுவரில் டன்லொப் என்று ஒரு பழைய தகரப் பலகை தொங்கியது. சின்ன வயதிலிருந்து சைக்கிள் ரயரில் வாசித்த பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பது அன்றிரவு தேடிப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவேயில்லை. ஊடகம் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது.

ஜோன் பொய்ட் டன்லொப் 1840 பெப்ரவரி 5 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஏயர்ஷயர் பகுதியில் ட்ரெகோர்ன் என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதனால் வாழ்நாள் முழுக்கத் தன்னை ஒரு பலவீனமான ஆளாகவே நினைத்துப் பொத்திப் பொத்தி நடந்தார். ஆனால் பெரிய நோய் எதுவும் அவரை அண்டவில்லை. எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்து, 1867 இல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். பிறகு பெல்பாஸ்ட் நகரின் மே வீதியில் பெரிய வைத்தியசாலை நடத்தினார். குதிரைகள்தான் அவருடைய பிழைப்பு. நகரத்தின் சுமை முழுவதையும் குதிரைகள் இழுத்த காலம் அது.

மன்னார்க்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்கள் தெருக்களில் இன்றும் கழுதைகள் திரிகின்றன. வாகனம் அடித்துக் கால் நொண்டும் கழுதையைப் பார்க்காத நாள் குறைவு. டன்லொப் பார்த்ததும் இப்படியான கால்களைத்தான். கல் பாவிய தெருக்களில் இரும்புப் பட்டி போட்ட சில்லுகளை இழுத்து மூட்டு வீங்கிய விலங்குகள்.

அவருடைய மகன் ஜோனிக்கு அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அதன் ரயர்கள் கெட்டி இறப்பர். கல்லுத் தெருவில் ஓடும்போது உடம்பெல்லாம் அதிரும். 1887 இன் கடைசியில் தகப்பன் இதற்கு ஒரு வழி தேடத் தொடங்கினார். அவர் பொறியியலாளர் இல்லை. ஆனால் வைத்தியத் தொழிலில் இறப்பரைக் கையாண்டு பழகியவர். மெல்லிய இறப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாயாக்கினார். மரத்தட்டு ஒன்றின் விளிம்பில் அதைச் சுற்றி, மேலே லினன் துணி போர்த்தி ஆணியடித்து, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினார். பிறகு வளவில் இரண்டு சில்லுகளை உருட்டிவிட்டார். மகனின் பழைய சில்லு பாதியிலேயே தள்ளாடி விழுந்தது. காற்றடைத்த சில்லு வளவு முழுக்க ஓடிப்போய்ப் படலைத் தூணில் மோதித் திரும்பியது.

அதிர்வைக் குறைக்கத்தான் அவர் தொடங்கினார். கையில் கிடைத்தது வேகமும் சேர்ந்த ஒன்று. கெட்டிச் சில்லு ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கிச் சக்தியை வீணாக்கும். காற்றுச் சில்லு கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும். 1888 பெப்ரவரி 28 ஆம் திகதி இரவு, புதிய சில்லுகள் பூட்டிய சைக்கிளோடு ஜோனி தெருவில் இறங்கினான்.

இதை வாசித்தபோது நான் கணினியை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். எனக்கும் ஒரு இரவுச் சைக்கிள் நினைவில் இருக்கிறது. 2008 இல் அடம்பனிலிருந்து வெளிக்கிட்டு, விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், கிளிநொச்சி என்று தள்ளித் தள்ளி, 2009 தை மாதம் விசுவமடுவில் நின்றோம். எனக்கு வயது பதினெட்டு. அங்கேதான் அம்மாவுக்குக் காயம். அப்பாவின் லுமாலா சைக்கிளின் பின் கரியரில் அம்மாவை ஏற்றினோம். பின் ரியூப் பல இடத்தில் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட சொலுசனும் இல்லை, பிட்டும் இல்லை. அப்பா ரயருக்குள் வைக்கோலை முறுக்கித் திணித்து, சாரத்தைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். தெரு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் அந்த அதிர்வு நேராக அம்மாவின் காலுக்குப் போனது. உடையார்கட்டு மட்டும் அப்பா தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரியூப்புக்குள் அடைக்கிற ஒரு பிடி காற்று என்ன வேலை செய்கிறது என்பதை அது இல்லாத அன்றுதான் அறிந்தேன். வைக்கோல் ரயரும் துணி ரயரும் எங்களில் பலருக்குத் தெரிந்தவைதான். எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததல்ல.

டன்லொப்புக்கு 1888 டிசம்பர் 7 ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு மே 18 ஆம் திகதி பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு வில்லி ஹியூம் என்ற சைக்கிள் ஓட்டக்காரர் அந்தத் தடித்த ரயர்களோடு வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். போட்டி முடிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அவரை விடத் திறமைசாலிகள் என்று பெயர் எடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். தோற்றவர்களில் ஹாவி டு குரோ என்ற டப்ளின் வணிகரின் பிள்ளைகளும் இருந்தார்கள். தகப்பன் உடனே பணத்தோடு வந்து நின்றார். 1889 இன் கடைசியில் டப்ளினில் கம்பனி தொடங்கியது.

அதற்குள் ஒரு இடி. இதே யோசனைக்கு 1845 இலேயே இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் காப்புரிமை எடுத்து வைத்திருந்தார். ரொபேட் வில்லியம் தொம்சன் என்ற 23 வயது இளைஞர். தோல் உறை, உள்ளே காற்று. லண்டன் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. விலையும் அதிகம். உலகம் அதை மறந்துபோனது. டன்லொப்புக்கும் அவரைத் தெரியாது. காப்புரிமை செல்லாது என்றானது. கம்பனி வேறு இருவரின் காப்புரிமைகளை வாங்கித்தான் தப்பியது. ரயரை றிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் முறைகள் அவை. இன்று எங்கள் சைக்கிளில் ரயரைக் கழற்றி ரியூப்பை வெளியே எடுக்க முடிவது அந்த மற்றவர்களால்தான். டன்லொப்பின் முதல் ரயர் றிம்மோடு ஒட்டியே இருந்தது. ஒரு முள் ஏறினால் பெரிய பாடு.

அவருக்கு வியாபாரம் ஒத்துவரவில்லை. டு குரோவோடு இழுபறிப்பட்டு 1895 இல் கம்பனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே அந்தக் கம்பனி 30 இலட்சம் பவுணுக்குக் கைமாறியது. அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கில்லை. பெயர் மட்டும் அவருடையது. அந்தப் பெயரும் பின்னர் பல கை மாறி, ஜப்பானின் சுமிட்டோமோ வரை போயிருக்கிறது.

இங்கே அந்த வீட்டு வளவை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சில்லு உருண்டு போன இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள் அல்ல. காற்று ரயர் வந்ததும் உலகத்துக்கு இறப்பர் பசி பிடித்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கையில் இருந்த கொங்கோவில், காட்டு இறப்பர் பால் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன. மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. அதை ஊர் ஊராகப் போய் விசாரித்து, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களோடு அறிக்கையாக்கியவர் ரோஜர் கேஸ்மன்ட். டப்ளினுக்கு அருகே பிறந்தவர். 1904 இல் அந்த அறிக்கை வெளியானபோது டன்லொப்பும் டப்ளினில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். மகனுக்காகச் செய்த சாமான் இது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொங்கோவை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்லவும் முடியாது.

எங்கள் தீவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1876 இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ரயர்க் கேள்வி ஏற ஏற, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. பால் வெட்ட ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தார்கள். 1914 இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்கிய பிறகு, தலைமன்னார் இறங்குதுறையில் கால்வைத்து ரயில் ஏறினார்கள். இன்று அந்த இறங்குதுறையின் துருப்பிடித்த தூண்களைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதிகம். அதன் வழியே போனவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், பிற்பாடு இனக்கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, எங்களோடு அதே பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் சைக்கிள் தள்ளியவர்கள்.

டன்லொப்பின் கடைசிக் காலம் டப்ளினில் அமைதியாகக் கழிந்தது. வெள்ளைத் தாடியோடு இருக்கும் அவருடைய படம் விளம்பரங்களில் உலகமெங்கும் போனது. அவர் ஒரு துணிக்கடை வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1921 ஒக்டோபரில் ஒரு குளிர் பிடித்து, 23 ஆம் திகதி இறந்தார். வயது 81. முந்திப் பிறந்த பிள்ளை என்று பயந்து பயந்து வாழ்ந்தவருக்கு அது நல்ல வயதுதான். டீன்ஸ்கிரேஞ்ச் மயானத்தில் புதைத்தார்கள்.

இனி மச்சானின் ரயருக்கு வருகிறேன்.

நனைந்த தெருவில் ரயருக்கு முதல் வேலை தண்ணீரை அகற்றுவது. பள்ளங்கள் தண்ணீரை வாங்கிப் பின்னுக்கும் பக்கத்துக்கும் தள்ளும். தள்ள முடியாத வேகம் வந்தால் ரயருக்கும் தாருக்கும் இடையே தண்ணீர் ஆப்புப்போல நுழைந்து சில்லைத் தூக்கிவிடும். உயிலங்குளத்தில் நடந்தது அதுதான். பள்ளம் தேய்ந்த ரயருக்கு அந்த வேகத்தைக் கணிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. விமானச் சில்லுகளை வைத்து அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் கண்டது. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 90 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு மிதக்கத் தொடங்கும். 20 என்றால் சுமார் 75 போதும். அன்று நாங்கள் 80 இல் வந்தோம் என்று மச்சான் ஒப்புக்கொண்டார். இந்தத் தெருவில் சட்டப்படி 70 தான். திரும்பி வந்து காற்றை அளந்தால் முன் ரயர் ஒன்றில் 22 தான் இருந்தது.

அகலமான ரயர் காய்ந்த தெருவில் நன்றாகப் பிடிக்கும். மழையில் அது அகற்ற வேண்டிய தண்ணீரும் அதிகம். பள்ளம் குறைந்த அந்த அழகான ரயர் பந்தயத் திடலுக்கானது. வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடந்து, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஒரேயடியாகக் கொட்டும் மன்னாருக்கு அது சரிவராது. அதிலும் முதல் மழை மோசம். மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தெருவைச் சவர்க்காரமாக்கிவிடும்.

காரில் எழுதியிருந்த அளவு 205/55 R16 91V. 205 மில்லிமீற்றர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல றிம், ஒரு சில்லு தாங்கும் பாரம் 615 கிலோ, உச்ச வேகம் 240. அந்த வேகத்துக்கு இந்த நாட்டில் தெருவே இல்லை. ஆகவே வேக எழுத்தைப் பெரிதாக்கிக் காசைக் கொட்டுவதில் பயனில்லை என்றேன். பார்க்க வேண்டியது ஈரப் பிடிப்புக்கான தரம். சில ரயர்களின் பக்கச் சுவரில் டிராக்சன் என்ற சொல்லோடு ஏஏ, ஏ, பி, சி என்று இருக்கும். ஏஏ தான் மேலானது. சிலிக்கா கலந்த இறப்பர் நனைந்த தாரில் கூடுதலாகப் பிடிக்கும். அடுத்தது வயது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. வருடக்கணக்காக வெயில் கடையில் கிடந்த ரயர், பள்ளம் முழுசாக இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். சட்டம் பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றர் பள்ளம் வரை விடுகிறது. மழைக்காலத்தில் 3 க்குக் கீழே போனால் மாற்றுவதே புத்தி.

காசு இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால், புதியதைப் பின்னால் போட வேண்டும். முன்னால் போடத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆனால் ஈரத்தில் பின் சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டியால் அதைத் திருப்ப முடியாது.

மச்சான் முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் மூன்றாவது ரகத்தில் நாலு வாங்கினார். கனடாவில் பனிக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர் என்று மாற்றிப் பழகியவர், மன்னார் மழைக்கும் ஒரு கணக்கு இருக்குமென்று நினைக்கவில்லையாம். பொருத்தி, நாலுக்கும் 32 காற்றடித்து, அடுத்த மழைக்குள் அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டித் தள்ளாடி வரை போய் வந்தோம். அம்மா பின் சீற்றில் ஒரு தலையணையைக் காலுக்கு அணைகொடுத்துச் சாய்ந்திருந்தார். பாலத்தடியில் நாலைந்து கழுதைகள் நனைந்தபடி தெருவை மறித்து நின்றன. மச்சான் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து மெல்லப் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. கழுதைகள் நகரும்வரை வைப்பர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். அம்மா கண்ணை மூடி நித்திரையாகியிருந்தார்.