வெனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன் எட்மண்ட்: கொடிக்கு எப்போது உரமிடலாம்?

தென்னை, பாக்குத் தோப்பில் ஊடுபயிராக வெனிலா வைத்திருக்கிறீர்களா? கொடி பச்சைப் பசேலென்று படர்ந்தும் பூ வரவில்லை, காய் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மூட்டை உரத்தைப் பிரிக்கும் முன் இந்த வரலாற்றைப் படியுங்கள். வெனிலா ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. அதைக் காய்க்க வைக்கும் வழியை உலகத்துக்குக் காட்டியவன் 12 வயது அடிமைச் சிறுவன்.

இருபது ஆண்டு காய்க்காத கொடி

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்ற தீவு இருக்கிறது. அன்று அது பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தீவு. அங்கே செயின்ட் சுசான் என்ற ஊரில் 1829-ல் எட்மண்ட் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். அடிமைக்குப் பிறந்த பிள்ளை என்பதால் அவனும் அடிமைதான். குடும்பப் பெயர்கூடக் கிடையாது.

பெல்லியே-பொமோன் என்ற பண்ணையார் அவனை வளர்த்தார். செடி கொடிகளில் ஆர்வம் மிக்கவர். தோட்டத்தைச் சுற்றும்போதெல்லாம் சிறுவனையும் கூட்டிப் போவார். பூசணி வகைக் கொடியில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிக் காய் பிடிக்க வைப்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குத் தோட்டமே பாடம்.

அவர் தோட்டத்தில் ஒரு வெனிலா கொடி ஏறக்குறைய 20 ஆண்டுகளாக நின்றது. நன்றாகப் படர்ந்தது, பூத்தது, ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. தாயகமான மெக்சிகோவில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் இந்தத் தீவில் இல்லை. பெல்ஜியத்தில் மோரன் என்ற அறிஞர் 1836-ல் கண்ணாடிக் கூடத்தில் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டியிருந்தார். ஆனால் தோட்டக்காரருக்குப் பயன்படும் எளிய முறை எவர் கையிலும் இல்லை.

1841-ல் ஒருநாள் அந்தக் கொடியில் இரண்டு காய்கள் தொங்குவதைப் பண்ணையார் பார்த்தார். தான்தான் செய்ததாக எட்மண்ட் சொன்னபோது அவர் நம்பவில்லை. சில நாளில் இன்னும் காய்கள் தெரிந்தன. செய்து காட்டச் சொன்னார். வெனிலா பூவில் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே மெல்லிய தோல் ஒன்று தடுப்பாக இருக்கும். சிறுவன் மெல்லிய குச்சியால் அதைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைப் பெண் பாகத்தில் அழுத்தினான். சில நொடி வேலைதான். ஆனால் பூ விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அந்த வேளை தவறினால் அந்தப் பூ வீண்.

தீவு செழித்தது, அவர் செழிக்கவில்லை

பண்ணை பண்ணையாக எட்மண்டை அழைத்துப் போய் மற்ற அடிமைகளுக்குக் கற்றுக் கொடுக்கச் செய்தார்கள். 1848-ல் தீவிலிருந்து பிரான்சுக்குப் போன வெனிலா 50 கிலோ. 1898-ல் அது 200 டன்.

1848 டிசம்பரில் அடிமை முறை ஒழிந்தது. அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. ஆனால் கையில் காசோ நிலமோ இல்லை. தலைநகர் செயின்ட் டெனிஸில் சமையலறை வேலைக்குப் போனார். நகைத் திருட்டு வழக்கில் சிறைத் தண்டனை பெற்றார். வெனிலாவால் தீவுக்கு அவர் செய்த நன்மையைச் சொல்லிப் பழைய பண்ணையார் முறையிட, முன்கூட்டியே விடுதலையானார். ரிஷார் என்ற தாவரவியலாளர் அந்த முறையைத் தானே கற்றுத் தந்ததாக உரிமை கோரியபோதும், கண்டுபிடித்தது எட்மண்ட்தான் என்று பண்ணையார் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று அந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆனால் விளைச்சலில் ஒரு பங்கும் அவருக்கு வரவில்லை. 1880 ஆகஸ்டில் பிறந்த ஊரிலேயே வறுமையில் இறந்தார். இன்றும் உலகில் பயிராகும் வெனிலா பெரும்பாலும் அவர் காட்டிய முறையில்தான் காய் பிடிக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அந்தக் கொடி 20 ஆண்டு காய்க்காமல் நின்றது உரக் குறையால் அல்ல. பூவைக் கிட்டே போய்ப் பார்த்து, சரியான வேளையில் கை வைக்க ஆள் இல்லாததால்தான். உரத்துக்கும் இதே கணக்குதான். கொடி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்த்து உரமிடுங்கள். வெப்பமான நம் பகுதிகளில் வெனிலா டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூக்கும். அதை வைத்து ஆண்டைப் பிரித்துக்கொள்ளலாம்.

மே – ஜூன்: மழை தொடங்கியதும் மக்கிய தொழுவுரம், மண்புழு உரம், பிண்ணாக்கு, மரச்சாம்பல் இடுங்கள். வேர்கள் மேல்மண்ணிலும் மூடாக்கிலும்தான் ஓடும். கொத்தாமல் மேலே பரப்பி, இலை தழையால் மூடுங்கள். அடுத்த பருவத்தில் பூக்க வேண்டிய கொடியின் நுனியை 7 முதல் 10 செ.மீ. வரை கிள்ளிவிடவும் இதுதான் காலம்.

ஆகஸ்ட் – செப்டம்பர்: வளர்ந்த கொடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 40–60 கிராம், மணிச்சத்து 20–30 கிராம், சாம்பல்சத்து 60–100 கிராம் பரிந்துரை. மழை ஓய்ந்த இடைவெளியில் இதைப் பிரித்து இடுங்கள். வளர்ச்சிக் காலத்தில் மாதம் ஒருமுறை 17:17:17 கலப்பு உரத்தை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து இலைவழி தெளிக்கலாம்.

அக்டோபர் கடைசி முதல் பூ வரும் வரை: தழைச்சத்தை நிறுத்துங்கள், தண்ணீரையும் குறையுங்கள். இந்த வாட்டம்தான் பூ மொட்டைத் தூண்டும். இப்போது யூரியா போட்டால் கொடி இலையாகவே ஓடும்.

பூக்கும் காலம்: காலை 6 மணிக்கே தோட்டத்தில் இருங்கள். ஒரு கொத்தில் 8 முதல் 10 பூக்களுக்கு மட்டும் மகரந்தம் சேர்த்தால் போதும். எல்லாப் பூவையும் காயாக்கினால் கொடி சோர்ந்துவிடும். காய் பிடித்தபின் லேசான ஈரமும் மூடாக்கும் தொடரட்டும். காய் முதிர 9 முதல் 11 மாதம் ஆகும்.

தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்த உரமும் உதவாது, வேரழுகல்தான் வரும். முதலில் வடிகால் பாருங்கள்.

ஒரு நோட்டில் மொட்டு விட்ட தேதி, உரமிட்ட தேதி, காய் பிடித்த எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். இரண்டே ஆண்டில் உங்கள் தோட்டத்துக்கான உர அட்டவணை உங்கள் கையில் இருக்கும். கொடியைக் கூர்ந்து பார்ப்பவர் உங்கள் தோட்டத்தில் கூலிக்கு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பலன் வந்தால் அவருக்கும் பங்கு கொடுங்கள்.