'யு'வைத் தூக்கி எறிந்தவர்

இலங்கையில் ஆங்கிலம் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவர்கள் 'கலர்' என்ற சொல்லை எழுதும்போது பழக்கத்தில் ஒரு 'யு'வையும் சேர்த்துவிடுவார்கள். கணினி உடனே சிவப்புக் கோடு போடும். அந்தக் கோட்டுக்கு முக்கிய காரணம் நோவா வெப்ஸ்டர் என்ற பாடசாலை ஆசிரியர்.

1758 ஒக்டோபர் 16 அன்று கனெக்டிகட்டில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர். மகனை யேல் கல்லூரிக்கு அனுப்பத் தகப்பனார் காணியை ஈடு வைத்தார். 1778இல் படிப்பு முடித்து வந்த மகனிடம், மதிப்பிழந்துகொண்டிருந்த 8 டொலர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, இனித் தன் பாட்டைத் தானே பார்க்கச் சொல்லிவிட்டார். வெப்ஸ்டர் படிப்பிக்கப் போனார்.

பிரித்தானியாவிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டில் பிள்ளைகள் இன்னும் இங்கிலாந்துப் புத்தகங்களையே படித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1783இல் தானே ஓர் எழுத்துக்கூட்டல் நூல் எழுதினார். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் காலப்போக்கில் கோடிக்கணக்கில் விற்றது. வேடிக்கை என்னவென்றால், அதில் அவர் 'யு'வை விட்டு எழுதுபவர்களைக் கண்டித்திருந்தார்! சில ஆண்டுகளிலேயே மனம் மாறிவிட்டார்.

1806இல் வந்த அவருடைய சிறிய அகராதியில் 'கலர்', 'ஹொனர்' போன்ற சொற்களில் 'யு' இல்லை. 'மியூசிக்' கடைசியில் இருந்த 'கே' போனது. 'சென்டர்' என்பதில் 'ஆர்', 'ஈ' இரண்டும் இடம் மாறின. இவை நிலைத்தன. ஆனால் பெண்களைக் குறிக்கும் 'விமென்', நாக்கைக் குறிக்கும் 'டங்' ஆகியவற்றையும் ஒலிக்கிறபடியே எழுத வைக்கப் பார்த்தார். சனம் சிரித்தது, அவை எடுபடவில்லை. பிரித்தானியர் 'கே'யை விட்டார்கள், 'யு'வை விடவில்லை. கனடாவிலும் 'யு' தப்பிவிட்டது. சரி எது, பிழை எது என்பதை அகராதிக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லைப் போலும்.

பெரிய அகராதிக்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். சொற்களின் வேர் தேடப் பல மொழிகளைப் படித்தார். அந்த வேர் விளக்கங்களில் பல பிழையென்று பின்னர் தெரியவந்தாலும், பொருள் விளக்கங்களின் தெளிவை எவரும் மறுக்கவில்லை. சுமார் 70,000 சொற்களுடன் 1828இல் இரண்டு பாகங்களாக அது வெளிவந்தபோது அவருக்கு வயது 70. அச்சிட்டது 2,500 பிரதிகள். விலை 20 டொலர். அந்தக் காலத்தில் யார் வாங்குவது? இரண்டாம் பதிப்புக்காகத் தன் வீட்டையே ஈடு வைத்தார். அதுவும் மெதுவாகத்தான் விற்றது.

1843 மே 28 அன்று நியூ ஹேவனில் காலமானார். விற்காத பிரதிகளையும் உரிமையையும் மெரியம் சகோதரர்கள் வாங்கினார்கள். 1847இல் அதே அகராதியைத் திருத்தி 6 டொலருக்கு வெளியிட்டார்கள். அப்போதுதான் விற்பனை சூடு பிடித்தது.