பொம்மைகளுக்கு இல்லம் அமைத்தவர்

நுழையும்முன்

பொம்மை சிறுவர்க்கு உரியது. வளர்ந்தோர்க்கு அதில் வேலை இல்லை என்பது பொதுவான எண்ணம். ஆயினும், சிறு பொருள்களைத் தேடிச் சேர்ப்பதும் அடுக்கி அழகு பார்ப்பதும் வயது பாராத இன்பங்களாகவே உள்ளன. அவ்வின்பத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் நாட்டின் குழந்தைகள் அனைவர்க்கும் பொதுவாக்கிய ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

சேர்த்தலும் பகிர்தலும்

நவராத்திரி வந்துவிட்டால் தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எனச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் பல வீட்டுக் கூடங்கள் புதுக்கோலம் பூணுகின்றன. பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளிலிருந்து மரப்பாச்சிகளும் செட்டியார் பொம்மைகளும் வெளிவருகின்றன. படிகளின் கீழே மணல் பரப்பி, தானியம் முளைக்கவிட்டு, குளமும் கோயிலும் சந்தையும் தொடர்வண்டியும் கொண்ட சிற்றூர் ஒன்று உருவாக்கப்படுகிறது. குழந்தைகள் உதவினாலும் அதனைத் திட்டமிட்டு அமைப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்கும் வழக்கமும் உண்டு. கொலுவைத் தாமே பார்த்து மகிழ்வதோடு யாரும் நின்றுவிடுவதில்லை. அண்டை அயலாரை அழைத்துக் காட்டினால்தான் கொலு நிறைவடைகிறது.

இவ்வார்வம் உலகெங்கும் காணப்படுவதே. டென்மார்க் நாட்டில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் 1932ஆம் ஆண்டு மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவிய லெகோ நிறுவனம் பின்னாளில் ஒன்றோடொன்று பொருந்தும் நெகிழிக் கட்டைகளை உருவாக்கியது. அக்கட்டையின் இன்றைய வடிவத்துக்கு 1958ஆம் ஆண்டு காப்புரிமை கோரப்பட்டது. சிறுவர்க்கென உருவான அக்கட்டைகளைக் கொண்டு கோபுரங்களையும் கப்பல்களையும் அமைத்து மகிழும் பெரியவர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். திரைப்படக் கதைமாந்தர்களைப் பயன்படுத்த உரிமம் பெற்று வெளியிடப்படும் தொகுப்புகளை, உறையைக்கூடப் பிரிக்காமல் பாதுகாப்போரும் உளர்.

சேர்த்த பொருளைப் பூட்டி வைப்பதா, பலரும் காண வைப்பதா என்னும் வினா, சேகரிப்போர் ஒவ்வொருவர் முன்னும் எழுகிறது. அவ்வினாவுக்குத் தம் செயலால் விடை தந்தவர், இந்தியக் கருத்துப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் சங்கர்.

இளமையும் கல்வியும்

கேசவ சங்கர பிள்ளை என்னும் இயற்பெயர் கொண்ட சங்கர், 1902ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே வகுப்பறையில் கண்ணயர்ந்த ஆசிரியர் ஒருவரைப் படமாக வரைந்து, தலைமையாசிரியரின் சினத்துக்கு ஆளானார் என்பர். மாவேலிக்கரையில் இருந்த ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், பின்னர்த் திருவனந்தபுரத்தில் அறிவியல் கற்று 1927ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

சட்டம் பயிலும் நோக்குடன் பம்பாய் சென்றவரைத் தூரிகை விடவில்லை. சட்டக் கல்வியைக் கைவிட்டுப் பணியில் சேர்ந்த அவர், அந்நகரின் ஆங்கில நாளிதழ்களுக்குக் கருத்துப்படங்களை அனுப்பலானார். அவை பலரின் கவனத்தை ஈர்த்தன. 1932ஆம் ஆண்டு தில்லியிலிருந்து வெளிவந்த இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழ் அவரைத் தன் கருத்துப்பட ஓவியராக அமர்த்திக்கொண்டது. 1946ஆம் ஆண்டுவரை அவர் அங்குப் பணியாற்றினார். இடையில் ஏறத்தாழ 14 திங்கள் இலண்டனில் தங்கி ஓவிய நுட்பங்களைக் கற்றுத் திரும்பினார்.

ஆட்சியில் இருந்தோரை நகைச்சுவையால் அளந்து பார்ப்பதே அவருடைய கலை. ஆங்கில அரசின் உயர் அலுவலர்களும் இந்தியத் தலைவர்களும் அவர் தூரிகைக்குத் தப்பவில்லை. 1948ஆம் ஆண்டு அவர் தொடங்கிய சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழில் நேரு பலமுறை கேலிக்கு உள்ளானார். ஆயினும் இருவருக்கும் இடையே இருந்த நட்பு குன்றவில்லை. அபு ஆபிரகாம், குட்டி, ஓ. வி. விஜயன் முதலிய புகழ்மிக்க ஓவியர்கள் பலர்க்கு அவ்விதழே பயிற்சிக் களமாக விளங்கியது.

சிறுவர் உலகின் வாயில்

அரசியலின் அன்றாடப் பூசல்களை வரைந்துவந்தவரின் மனம் சிறுவர் பக்கம் திரும்பியது. 1949ஆம் ஆண்டு தம் இதழின் சார்பில் சிறுவர்க்கான ஓவிய, எழுத்துப் போட்டியை அவர் தொடங்கினார். பின்னர் அப்போட்டி பல நாட்டுச் சிறுவர்களும் பங்கேற்கும் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. பிறமொழி அறியாத சிறுவரும் வண்ணங்களின் வழியே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

அப்போட்டிக்குப் பரிசாக அளிப்பதற்கென, அங்கேரி நாட்டுத் தூதர் ஒருமுறை சங்கரிடம் ஒரு பொம்மையை வழங்கினார். அது அந்நாட்டு மரபுடை அணிந்திருந்தது. கையடக்கமான அவ்வுருவில் அம்மக்களின் உடையும் அணியும் ஒருசேர விளங்கின. குழந்தைக்கென வந்த பரிசு, ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓவியரைக் கவர்ந்தது. பல நாட்டுப் பொம்மைகளையும் சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

பிரதமரின் வெளிநாட்டுப் பயணங்களில் இதழாளர் குழுவில் ஒருவராகச் சங்கர் செல்வதுண்டு. செல்லும் நாடுகளில் எல்லாம் மரபுடைப் பொம்மைகளை அவர் தேடி வாங்கினார். நாளடைவில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 500 ஆனது. மற்றவர்கள் மாநாட்டுக் குறிப்புகளோடு நாடு திரும்பியபோது, சங்கரின் பெட்டியில் பொம்மைகளும் இருந்தன.

உடைந்த பொம்மைகள்

சேர்த்தவற்றை வீட்டில் வைத்து அழகு பார்த்திருந்தால் அவருக்கு எவ்வித இடரும் நேர்ந்திராது. ஆனால், வெளிநாடு செல்லும் வாய்ப்பு இல்லாத குழந்தைகளும் இப்பொம்மைகளைக் காண வேண்டும் என அவர் விரும்பினார். அதனால், போட்டிக்கு வந்த ஓவியங்களோடு பொம்மைகளையும் சேர்த்து நாட்டின் பல இடங்களில் கண்காட்சிகள் நடத்தினார். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றைக் கண்டு வியந்தனர்.

அம்மகிழ்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் பொம்மைகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மீண்டும் கட்டுவதுமாக இருந்ததால் அவற்றுள் பல பழுதுற்றன. எவ்வளவு பேரிடம் கொண்டு சேர்க்க முயன்றாரோ, அவ்வளவுக்கு அவருடைய சேகரிப்பு சிதையலாயிற்று. காட்டினால் பொம்மை உடைகிறது. பூட்டினால் அதன் பயன் கெடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே சங்கர் தவித்தார்.

தில்லியில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றைக் காண நேருவும் அவர்தம் மகள் இந்திரா காந்தியும் வந்தனர். பொம்மைகளை ஊர்தோறும் எடுத்துச் செல்வதில் உள்ள இடரைச் சங்கர் அவர்களிடம் எடுத்துரைத்தார். அவற்றுக்கு நிலையான ஓர் அருங்காட்சியகம் அமைக்கலாமே என்னும் கருத்தை இந்திரா காந்தி முன்வைத்தார். பொம்மைகளைக் குழந்தைகளிடம் கொண்டு செல்வதற்கு மாற்றாகக் குழந்தைகள் வந்து காணும் இல்லம் ஒன்றை உருவாக்கும் வழி அவ்வாறு பிறந்தது.

அருங்காட்சியகத்தின் தோற்றம்

சிறுவர்க்கு நல்ல நூல்களைக் குறைந்த விலையில் வழங்கும் நோக்குடன் 1957ஆம் ஆண்டு குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைச் சங்கர் நிறுவியிருந்தார். அவ்வறக்கட்டளைக்கெனத் தில்லி பகதூர் ஷா சபர் சாலையில் எழுப்பப்பட்ட நேரு இல்லத்திலேயே பொம்மைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,000ஆக உயர்ந்திருந்தது.

1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தைக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். இன்று தாம்பரத்தில் விளங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நகரின் நடுவே இயங்கிய காலத்தில் அங்குப் பயின்ற பேரறிஞர் அவர். கண்ணாடிப் பேழைகளுள் உலக மக்கள் அணிவகுத்து நின்றனர். சப்பானின் கபுகி நாடகக் கலைஞர்களும் சாமுராய் வீரர்களும் ஒருபுறம். எசுப்பானிய நாட்டு நடன மங்கையர் மறுபுறம். இலங்கையின் கண்டிப் பெரகரா ஊர்வலமும் தாய்லாந்து மகளிர் இசைக்குழுவும் அங்கு இடம்பெற்றன.

கொடுத்துப் பெறும் முறை

பிற நாடுகளிலிருந்து பொம்மைகளைப் பெறுவதோடு சங்கர் நிறைவடையவில்லை. பெற்றுக்கொள்பவர் ஈடாக ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா? அருங்காட்சியகத்தோடு இணைந்து ஒரு பொம்மைப் பட்டறையும் அமைக்கப்பட்டது. இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் முக அமைப்பு, உடை, அணிகலன் ஆகியவை நுணுகி ஆராயப்பட்டு, அவற்றுக்கேற்பப் பொம்மைகள் கையால் உருவாக்கப்பட்டன. கதகளிக் கலைஞர்கள், மணக்கோலம் பூண்ட இணையர், பல்வேறு நடன மாந்தர் என ஏறத்தாழ 150 வகை இந்தியப் பொம்மைகள் உருவாயின.

அப்பொம்மைகள், வெளிநாடுகளிலிருந்து வந்த அன்பளிப்புகளுக்கு மாற்றாக அனுப்பப்பட்டன. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பொம்மை சேகரிப்போர் அவற்றை விரும்பி வாங்கினர். போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் 1980ஆம் ஆண்டு நடைபெற்ற பொம்மைக் கண்காட்சியில் இப்பட்டறையின் படைப்புகள் முதற்பரிசு பெற்றன. ஒருவர் தம் விருப்பத்துக்காகத் தொடங்கிய சேகரிப்பு, கைவினைஞர்க்குத் தொழிலையும் நாட்டுக்குப் புகழையும் ஈட்டித் தந்தது.

தெரிந்து தெளிவோம்

நவராத்திரிக் கொலுவில் பொம்மைகள் படிவரிசையில் அடுக்கப்படுவதுபோல, சப்பானியரும் மார்ச்சு 3ஆம் நாள் கொண்டாடப்படும் சிறுமியர் விழாவில் பொம்மைகளைப் படிகளில் அடுக்குகின்றனர். அரசர், அரசி உருவங்கள் மேற்படியில் அமர்த்தப்படுகின்றன. சப்பானிய விழாப் பொம்மைகளும் தில்லி அருங்காட்சியகத்தில் உள்ளன.

நின்ற இதழும் நிலைத்த இல்லமும்

1975ஆம் ஆண்டு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. பொம்மைகளுக்கு நிலையான இல்லம் அமைக்கும் கருத்தை முன்பு கூறிய இந்திரா காந்தியே அப்போது பிரதமராக இருந்தார். அதிகாரத்தில் இருப்போரைக் கேலி செய்யும் உரிமையே கருத்துப்படத்தின் உயிர். அவ்வுயிருக்கு இடமில்லாத சூழலில், 27 ஆண்டுகள் நடத்திய இதழை அவ்வாண்டிலேயே சங்கர் நிறுத்தினார். வாழ்நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பணி ஒன்று அவ்வாறு முடிவுற்றது.

எனினும், சிறுவர்க்காக அவர் தொடங்கிய பணிகள் தொடர்ந்தன. நூல்கள் வெளிவந்தன; ஓவியப் போட்டிகள் நடந்தன; அருங்காட்சியகத்தின் கதவுகள் திறந்தே இருந்தன. 1976ஆம் ஆண்டு நடுவண் அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, போலந்துச் சிறுவர் குழு ஒன்று தேர்ந்தளிக்கும் புன்னகை விருது அவரைத் தேடி வந்தது. அரசியலரை நகைக்க வைத்தவருக்குக் குழந்தைகளின் புன்னகையே பரிசாயிற்று.

1989ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் சங்கர் மறைந்தார். அவர் நினைவாக 1991ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவர் நிறுவிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட பொம்மைகள் சேர்ந்துள்ளன.

ஒரு குழந்தைக்குப் பரிசாக வந்த பொம்மையிலிருந்து இத்துணையும் தொடங்கின. சேகரிப்போர் பலர் அரிய பொருளைக் கண்டதும் அது பிறர் கைக்குப் போகாமல் காக்க முற்படுவர். சங்கரோ, பிறர் கண்ணுக்கு அது போய்ச் சேர வேண்டும் என்று பாடுபட்டார். பொம்மைகள் உடைந்தபோதும் அவர் அவற்றை மறைத்து வைக்கவில்லை; உடையாமல் காட்டும் வழியையே தேடினார். கொலு வைத்த வீடு தன் கதவை அடைத்துக்கொள்வதில்லை. சங்கர் வைத்த கொலுவின் கதவும் அடைபடவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பொருள்களைச் சேகரிக்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் சேகரிக்கத் தொடங்கிய காரணத்தைக் கேட்டு எழுதுக.

2. சேகரித்தவற்றைப் பாதுகாத்தல், பலர்க்கும் காட்டுதல் ஆகிய இரண்டையும் இணைக்கும் வழிகள் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.