நீலகிரிக் குளிரிலிருந்து லண்டன் குளிர் வரை: தாத்தா ரெட்டமலை சீனிவாசன்

மார்கழி பிறந்தால் அருமனைப் பக்கத்தில் விடியற்காலைப் பனி இறங்கிவிடும். மழை ஓய்ந்த இந்த மாதங்களில்தான் ரப்பரில் பால் நன்றாக ஊறும் என்பதால் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு கிடையாது. இருட்டிலேயே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரப்புல்லை மிதித்துப் போகிறார்கள். வீட்டில் கிழவிக்கு இருமல், பிள்ளைக்கு மூக்கடைப்பு. அடுப்பில் சுக்குக்காப்பி கொதிக்கிறது. இந்த வேலையை விட்டுவிடலாமா என்ற நினைப்பு ஒரு தடவையாவது வராதவர்கள் நம் ஊரில் குறைவு. விட்டால் அடுத்த வேளைக்கு என்ன என்ற கேள்வியும் கூடவே வரும்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வி ஒரு குடும்பஸ்தரின் முன்னாலும் நின்றது. அவர் இருந்தது நம்முடைய குளிரைவிடக் கடுமையான நீலகிரிக் குளிரில். கையில் இருந்ததோ கூலி வேலை இல்லை, மாதச் சம்பள வேலை. அதை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினார். ஒடுக்கப்பட்ட மக்கள் இன்றைக்கும் தாத்தா என்று உரிமையோடு அழைக்கும் ரெட்டமலை சீனிவாசன்தான் அவர்.

ஒளிந்து படித்த பிள்ளை

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் 1859 ஜூலை 7ஆம் தேதி பிறந்தார் சீனிவாசன். அதே மாதம் 26ஆம் தேதிதான் நம் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த பிரகடனம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புலையர், பறையர் குடிசைகளில் அந்த விடுதலை இன்னும் முழுதாக எட்டிப் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், அவர் பிறந்த காலம் எப்படிப்பட்டது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம் போனது, பிறகு கோயம்புத்தூர் வந்தது. சீனிவாசன் படித்தது கோவையில். அந்தப் பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். தன் ஊர், தெரு, உறவினர் யார் என்று தெரிந்தால் சாதியும் தெரிந்துவிடுமே என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகு உள்ளே போவார். பள்ளி விட்டதும், யாரும் பின்தொடர்ந்து வராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. வயதான காலத்தில் எழுதிய தன் வரலாற்றுச் சுருக்கத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

கல்லூரிக்குப் பேருந்தில் போகும்போது ஊர்ப்பெயரைக் கேட்டால் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்கிற மாணவர் இன்றைக்கும் இல்லையா? அவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மலையில் பத்து ஆண்டு

படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஆங்கிலேயர் நடத்திய வியாபார நிறுவனங்களில் கணக்கர் வேலை கிடைத்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளைக்காரர்களுக்குக் கணப்படுப்பும் கம்பளியும் உண்டு. காப்பி, தேயிலைத் தோட்டங்களில் கூலிக்கு வந்த சமவெளி மக்களுக்கு, அவர்களில் பெரும்பங்கினராக இருந்த நம்மவர்களுக்கு, லயத்துக் குடிசைதான். அந்த மலையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, ஒரே குளிர் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

குடும்பமும் இந்தக் காலத்தில்தான் அமைந்தது. அரங்கநாயகி அம்மாளை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். இவருடைய உடன்பிறந்தாள் தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்த பண்டிதர் நீலகிரியில் வளர்ந்தவர், தேர்ந்த சித்த மருத்துவர். ஆக, வீட்டிலேயே ஒரு வைத்தியரும் இருந்தார், ஒரு கணக்கரும் இருந்தார். பிற்காலத்தில் தமிழகத்து ஒடுக்கப்பட்டோர் அரசியலின் இரண்டு பெரிய பாதைகளும் இந்த ஒரு குடும்பத்திலிருந்தே புறப்பட்டன.

குடும்பம் என்றால் கருத்து வேறுபாடும் இருக்கும். பறையன் என்ற பெயரையே விட்டுவிட்டு, பூர்வ பௌத்தர் என்ற வரலாற்றை மீட்க வேண்டும் என்பது பண்டிதரின் வழி. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அதே பெயரைச் சொல்லி நிமிர்ந்து நின்று உரிமை கேட்க வேண்டும் என்பது சீனிவாசனின் வழி. மைத்துனர்கள் இருவரும் ஒருவர் வழியில் மற்றவர் போகவில்லை. ஆனாலும் இரண்டு வழிகளும் சேர்ந்துதான் நமக்குப் பாதையாகியிருக்கின்றன. பண்டிதர் 1891 டிசம்பர் 1ஆம் தேதி, அந்த உறைபனி மாதத்தில், உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார்.

வேலையை விட்டது எதற்காக

1890இல் சீனிவாசன் நீலகிரியை விட்டுச் சென்னைக்கு வந்தார். அன்றைக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்து, ஆங்கிலம் படித்து, வெள்ளைக்காரர் நிறுவனத்தில் கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்ட இடத்தைப் பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் விட்டுவிட்டு வருவது சாதாரணக் காரியமில்லை.

அவர் ஆத்திரத்தில் விட்டவர் இல்லை. வந்தவுடன் மேடை ஏறவும் இல்லை. மூன்று ஆண்டுகள் தம் மக்களின் வரலாற்றையும் நிலைமையையும் ஆராய்ந்து குறிப்பெடுத்தார். அதன் பிறகுதான் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. விளம்பரத்துக்கும் அச்சுக்கூலிக்கும் சேர்த்துப் பத்து ரூபாய்தான் செலவு. இரண்டே நாளில் சென்னையில் மட்டும் சுமார் 400 பிரதிகள் விற்றன. மாத இதழாகத் தொடங்கியது மூன்று மாதத்தில் வார இதழானது. பின்னர் சொந்த அச்சகமும் வந்தது. பள்ளியில் எந்தப் பெயரை மறைத்துக்கொண்டு ஓடினாரோ, அதே பெயரைப் பத்திரிகையின் தலையில் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தெருத்தெருவாக விற்றார்.

அதே 1893இல்தான் நம் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். அவர் வண்டியை ஓட்டினார், இவர் அச்சு இயந்திரத்தை ஓட்டினார்.

அந்த ஆண்டின் கடைசியில், ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அந்தத் தேர்வு இங்கே வந்தால் பதவிகள் எல்லாம் மேல்சாதியார் கைக்கே போகும், ஆளப்படுகிற நம் மக்களுக்கு நியாயம் கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. கணக்கர் வேலையை விட்டாலும் கணக்குப் போடுவதை அவர் விடவில்லை.

ஏழு ஆண்டு பத்திரிகை நடத்திய பிறகு 1900இல் இங்கிலாந்து போகலாம் என்று கப்பல் ஏறினார். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றுபோனது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. காந்தி தமிழில் மோ.க.காந்தி என்று கையெழுத்துப் போடப் பழகியதில் சீனிவாசனுக்குப் பங்கு உண்டு. குடும்பத்துக்காகச் சம்பளம், சமூகத்துக்காக உழைப்பு என்ற இரண்டு மாட்டு வண்டியை வாழ்நாள் முழுவதும் ஓட்டியவர் அவர்.

சாலையும் கிணறும்

ஊர் திரும்பிய பிறகு 1923இல் சென்னை சட்டசபையின் நியமன உறுப்பினரானார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் முக்கியமானது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் பொது, யாரையும் தடுக்கக் கூடாது என்றது அது. அரசு அதை ஏற்று ஆணையாக வெளியிட்டது. விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்றும் சட்டசபையில் கேட்டார். கூலி கையில் வருகிற நாளில் எந்த வீட்டு அடுப்பு அணைகிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஆணை அருமனைக்குச் செல்லாது. நாம் அன்றைக்குத் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தோம். அதே 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12இல்தான் வந்தது. தமிழ்நாட்டோடு நாம் சேர்ந்தது 1956 நவம்பர் 1இல். சீனிவாசனின் வரலாறு நம் பாட்டன்மார் காதுக்கு எட்டாமல் போனதற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணம். இனியும் எட்டாமல் போகக் கூடாது.

எழுபத்தொரு வயதில் லண்டன் குளிர்

1930 நவம்பர் 12இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் 39 வயது அண்ணல் அம்பேத்கர். மற்றவர் 71 வயது சீனிவாசன். மாநாடு ஜனவரி 19 வரை நீண்டது. லண்டனில் டிசம்பர் மாதம் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த காலம் அது, புகையும் மூடுபனியும் கலந்து நெஞ்சை அடைக்கும். நிமோனியா வந்தால் பிழைக்க வைக்கப் பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலமும்கூட. அந்த வயதில், அந்தக் குளிரில், கப்பலேறிப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு இரண்டாவது மாநாட்டுக்கும் போனார்.

அரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது தீண்டாமை என்றால் என்ன என்று அரசர் கேட்டதாகவும், தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் தொட்டுத் தூக்க மாட்டார்கள் என்று தாம் விளக்கியதாகவும், அரசர் திடுக்கிட்டுத் தம் கையைப் பிடித்துக் குலுக்கியதாகவும் எழுதியிருக்கிறார். ஒளிந்து பள்ளிக்குப் போன பையனின் கை அது.

உடன் சென்ற அம்பேத்கரும் வேலையை விட்ட கதை உள்ளவர்தான். 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். சில நாட்களிலேயே பரோடாவை விட்டார். மகளும் மகன்களும் அடுத்தடுத்து இறந்த துயரத்தைச் சுமந்துகொண்டு அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் ரமாபாய். வேலையை விட்டவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்த வீட்டில் உலை வைத்த ரமாபாயையும் அரங்கநாயகியையும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் சீனிவாசன். 1935இல் அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது, நாம் இந்து வருணத்துக்குள்ளேயே இல்லை, பிறகு வெளியேறுவது எதற்கு என்று மறுத்தார். தம்மைவிட முப்பது வயது இளையவரை மதிக்கவும் தெரிந்தது, மறுக்கவும் தெரிந்தது. 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18இல் சென்னையில் காலமானபோது வயது 86. அவருக்கு ஓட்டேரியில் நினைவிடமும், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் இருக்கின்றன. சென்னைக்குப் போகிற மாணவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

நமக்கு என்ன?

குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் இன்று நம் தெருக்களில் இருக்கிறார்கள். சாதி கேட்கும் மேலாளர், பெயர் சொல்லாமல் ஏவும் சக ஊழியர் என்று பொறுக்க முடியாமல் வேலையை விட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மானத்தை விற்று வேலையில் இருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் விடுமுன் தாத்தாவைப் போலக் கணக்குப் போடுங்கள். எதிலிருந்து போகிறோம் என்பதைவிட எதை நோக்கிப் போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம், முக்கியமாகச் சமையலறையில் நிற்பவர்களிடம், கலந்து பேச வேண்டும்.

கடைசியாக இந்தக் குளிர் மாதத்துக்கு ஒரு வார்த்தை. வெட்டுக்குப் போகிறவர்கள் காதையும் நெஞ்சையும் மூடிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போகாமல் கருப்பட்டியும் சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட காப்பியாவது குடியுங்கள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், போய் எடுத்துவிடுங்கள். எழுபத்தொரு வயதில் லண்டன் குளிரைத் தாங்கி நமக்காகப் பேச ஒருவர் இருந்தார். நம் வீட்டுத் தாத்தாக்களும் பாட்டிகளும் அடுத்த மார்கழியையும் பார்க்க வேண்டும். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க நமக்கு நிறைய வரலாறு மீதம் இருக்கிறது.