பெட்பேன் கழுவிய டாக்டர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்து அண்ணன் கேட்டதும் முதலில் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நிலாவும் வரவில்லை, நதியும் வரவில்லை. போன செமஸ்டர் கணக்கில் விழுந்த அரியர்தான் கண் முன்னாடி வந்து நின்றது. சரி, நம்மை மாதிரியே பரீட்சையில் கோட்டை விட்ட ஒருத்தரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு பண்ணினேன்.

அவர் பெயர் யெல்லப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரா. அன்று நம்ம சென்னை மாகாணம். அப்பா வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர், உடம்பு முடியாமல் சீக்கிரமே வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். காசு இல்லாத வீடு. பதின்மூன்று வயதில் பையன் காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டே கிளம்பிவிட்டார்! அம்மா வெங்கம்மா விடவில்லை, பிடித்துக் கொண்டுவந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை பெயில். அம்மா நகையை விற்றுச் சென்னைக்கு அனுப்ப, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது தடவை பாஸ் ஆனார். இதைப் படித்த அன்றைக்குத்தான் என் அரியர் பற்றி அம்மாவிடம் தைரியமாகச் சொன்னேன்.

பிறகு பிரசிடென்சி கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. சாமியாராகப் போகத்தான் அவருக்கு ஆசை. அம்மா சம்மதிக்காததால் டாக்டர் படிப்பு. காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் வகுப்புக்குக் கதர் உடுத்திப் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சையை நன்றாகவே எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ என்கிற குடல் நோய். கொஞ்சநாள் கழித்து அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார்.

ஸ்ப்ரூ என்றால் என்ன என்று நம்ம பாஷையில் சொல்கிறேன். நாம் மெஸ்ஸில் சாப்பிடும் சோறும் சாம்பாரும் வயிற்றில் அரைபட்டு, கிட்டத்தட்ட இருபது அடி நீளமுள்ள சிறுகுடலுக்குள் போகிறது. உள்சுவர் முழுக்க டர்க்கி டவல் மாதிரி நுண்ணிய குடல் உறிஞ்சிகள் இருக்கின்றன. சர்க்கரையையும் புரதச் சத்தையும் அவை இழுத்து ரத்தத்தில் விட, ரத்தம் அதைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல்தான் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். எதைச் சேர்த்து வைக்கணும், எதை அனுப்பணும், எந்த விஷத்தை முறிக்கணும் என்று அங்கேதான் முடிவாகும். ஸ்ப்ரூ வந்தால் அந்த உறிஞ்சிகள் மழுங்கிவிடும். எவ்வளவு தின்றாலும் சத்து உள்ளே இறங்காது, பேதியாகப் போய்விடும். ரத்தம் வற்றும், ஆள் உருகிப்போவான். சோறு எதிரில் இருந்தும் பட்டினிச் சாவு. ஏன் இப்படி என்ற கேள்விதான் சுப்பாராவைக் கடைசிவரை ஓட்டியது என்று நான் நினைக்கிறேன்.

1920-களின் தொடக்கத்தில் மாமனாரும் காக்கிநாடாவில் ஒரு அறக்கட்டளையும் கொடுத்த பணத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே வெப்பமண்டல நோய்கள் பற்றி அவர் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? டிப்ளமா! நம்ம ஆளு.

நம்ம ஊர் டாக்டர் பட்டத்தை வைத்து அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கு வழி? ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மூத்திரச் சட்டியும் பெட்பேனும் கழுவினார். பகலில் படிப்பு.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். விடிகாலை குன்றத்தூரில் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாங்க. கக்கூஸ் கழுவுவதும் அந்த வேலையில் சேர்த்தி. அட்மிஷன் பாரத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் நான் தனியார் கம்பெனி என்று மட்டும் எழுதினேன். முதல் வருஷம் முழுக்க நண்பர்களிடமும் அப்படியே சொல்லிச் சமாளித்தேன். யாராவது தோண்டிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அம்மாவுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியும்.

சரி, சுப்பாராவுக்கு வருவோம். ராத்திரி அவர் கொட்டிக் கழுவிய அதே மூத்திரம் பகலில் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள். நம்ம இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப இழுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே தள்ளுகின்றன. அதில் என்ன போகிறது என்று அளந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். புகைபோக்கியைப் பார்த்து பாய்லரைச் சொல்கிற மாதிரி. சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். மாலிப்டேட் கலந்தால் நீலம் வரும்; நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உலகம் முழுக்கப் பெயர்.

அந்த நீலத்தை வைத்தே 1927-ல் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டுபிடித்தார். தின்ற சோறு நேராகத் தசையை ஆட்டுவதில்லை. செல்லுக்குள் எரிந்து ஏ.டி.பி. ஆகி, அது உடையும்போதுதான் கை அசைகிறது, ஃபைல் போடுகிறோம், பஸ்ஸைத் துரத்துகிறோம். ஒரு நாளில் நம் உடம்பு சுழற்றும் ஏ.டி.பி. கிட்டத்தட்ட நம்ம எடைக்கே வரும் என்கிறார்கள். கிட்னிக்கு டெஸ்ட் எடுக்கும்போது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் என்று ஒரு வரி இருக்குமே, அது அந்தத் தசைச் சரக்கு தேய்ந்து வரும் கழிவுதான். சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் அது ஏறும்.

1930-ல் பி.எச்.டி. வாங்கினார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போய், ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அங்கேதான் பழைய கேள்விக்கு வந்து சேர்ந்தார். கல்லீரலில் ரத்தம் ஊற வைக்கும் ஒரு பொருள் இருப்பது தெரியும். 1930 வாக்கில் லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா பம்பாயில் ரத்தசோகை பிடித்த கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணம் கண்டிருந்தார். இரண்டிலும் ஒளிந்திருந்த ஃபோலிக் ஆசிட்டைச் சுப்பாராவின் குழு 1945-ல் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. அண்ணன் தம்பி போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதே சரக்கை லேசாக மாற்றி, ஃபோலிக் ஆசிட்டை வேலை செய்ய விடாத மருந்து செய்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் அதைக் கொடுக்க, நோய் தற்காலிகமாக அடங்கியது. அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1947-ல் யானைக்கால் மருந்து ஹெட்ரசான். எங்க ஆயாவுக்கு இடது காலில் யானைக்கால். செல்களுக்கு நடுவே கசியும் நீரைத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும் நிணநீர்க் குழாயில் புழு புகுந்து அடைத்துக்கொள்வதால் வரும் வீக்கம் அது. வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணீர் நிற்கிற மாதிரி. மருந்து வீங்கிய காலை வற்ற வைக்காது, ரத்தத்தில் சுற்றும் குட்டிப் புழுக்களைக் கொல்லும். டி.இ.சி. என்று வீடு வீடாகக் கொடுப்பார்களே, அதுதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார். நோபல் பரிசு இல்லை. கப்பல் ஏறியவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி இங்கேயே காத்திருந்தார். 1995-ல் நம் அரசாங்கம் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

போன மாதம் அம்மாவுக்கு ரத்தம் கம்மி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் என்று போட்டிருந்ததை நான்தான் படித்துக் காட்டினேன். சுப்பாராவ் கதை முழுக்கச் சொன்னேன், பெட்பேன் கழுவியது உட்பட. அம்மா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, நகையை வித்த அந்த அம்மா அப்புறம் பிள்ளையைப் பார்த்தாங்களா என்று மட்டும் கேட்டாங்க. இல்லைம்மா என்றேன்.

இந்த வருஷம் ஸ்காலர்ஷிப் பாரத்தில் தாயார் தொழில்: துப்புரவுப் பணி.