1884 இல் தோற்ற பாடசாலை

ஸாஹிராக் கல்லூரியின் கதையை நாம் எப்போதும் 1892 இலிருந்துதான் தொடங்குகிறோம். ஓகஸ்ட் 22, மருதானை, அறிஞர் சித்திலெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் என்று எழுதினால் மாணவருக்குப் புள்ளி கிடைத்துவிடும். ஆசிரியனான எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1884 ஆம் ஆண்டு. கொழும்பு புதிய சோனகத் தெருவில் அவர் அந்த வருடம் தொடங்கிய பாடசாலை நிலைக்கவில்லை.

மர்ஹூம் எம்.சி. சித்திலெப்பை அவர்கள் 1838 இல் கண்டியில் பிறந்தார். தகப்பனாரும் சட்டத்தரணி. அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்று, 1862 இல் தானும் சட்டத்தரணியானார். கண்டி மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் கடமையாற்றினார். அந்த வசதியோடு வாழ்ந்து முடித்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவரைப் போல ஆங்கிலம் படித்த முஸ்லிம்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று நம்மில் சிலர் இன்று எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பாடசாலைகளில் பைபிள் பாடம் இருந்தது. மதமாற்ற நோக்கமும் இருந்தது. சித்திலெப்பை அந்தப் பெற்றோரை ஏசவில்லை. தீனும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்றார்.

1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே, தெல் அல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய ஆறு தோழர்களும் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் நட்பு உண்டானது. அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான் 1884 இன் பாடசாலை. போதிய ஆதரவின்றி அது மங்கிப்போனது.

ஒரு பாடசாலை மூடப்படுவது என்றால் என்னவென்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். வாங்குகளும் மேசைகளும் வேறு எங்காவது போய்விடும். பிள்ளைகள் கடைக்கும் கூலிக்கும் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது புதிதாகச் சேர்ப்பதைவிடக் கஷ்டம். ஒருமுறை பார்த்தோம், சரிவரவில்லை என்ற பேச்சும் ஊரில் தங்கிவிடும்.

அதற்குப் பின்னால் ஏழு வருடங்கள் ஓடின. இந்த ஏழு வருடங்களைத்தான் நாம் மேடைகளில் தாண்டிப் போகிறோம். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கல்வியைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதினார். 1885 இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படுவது அது. எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனுடைய கதை. இழந்ததைத் தேடி அடைகிற கதையை அந்த நேரத்தில் அவர் எழுதியது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1891 இல் மருதானையில் அதே முயற்சி 'அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' என்ற பெயரில் மறுபடி எழுந்தது. அடுத்த வருடம் அது ஸாஹிராவானது. கனவு பழையதுதான், வேலை செய்த விதம் வேறு. இம்முறை அதன் பின்னால் ஒரு கல்விச் சங்கம் நின்றது. பள்ளிவாசல் வளவில் இடம் கிடைத்தது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் பொறுப்பை ஏற்றார். நாட்டையே இழந்து, ஊர் திரும்புவோமா என்று தெரியாமல் இருந்த பாஷா, இன்னொரு நாட்டுப் பிள்ளைகளின் பாடசாலைக்கு ஆதரவாளராக நின்றார். அவரோடு வந்த அப்துல் ஆல் ஹில்மி 1891 இல் இங்கேயே மௌத்தாகியிருந்தார்.

சித்திலெப்பை அதோடு நின்றுவிடவில்லை. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். சகோதரி முத்து நாச்சியா அதில் துணை நின்றார். அந்தக் காலத்தில் இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1898 பெப்ரவரி 5 ஆம் திகதி அவர் வபாத்தானார். வயது 59. பாஷா எகிப்துக்குத் திரும்ப இன்னும் மூன்று வருடங்கள் இருந்தன. ஸாஹிரா அப்போது சிறியதொரு பாடசாலைதான். டி.பி. ஜாயா அவர்கள் அதிபராக வந்து அதைப் பெரிய கல்லூரியாக வளர்க்கத் தொடங்கியது 1921 இல்.