ஆஸ்கர் பார்னாக்

போடிநாயக்கனூரினின்றும் போடிமெட்டுக்கு ஏறும் மலைவழியில், தோளிற் சுமையோடு நடப்பவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனையாம். ஏலச்செடிகளின் மேற் பெருமரங்கள் கவிந்த நிழலையும், திடீரென மூடிக் கலையும் பனியையும் படம்பிடிக்க விழைவோர், கைக்குள் அடங்குங் காமிராவின் அருமையை அங்கே உணர்வர். அவ்வருமையை உலகிற்குத் தந்தவர் மூச்சிரைப்பு நோயால் வருந்திய ஒரு பொறித்தொழிலாளரே.

ஆஸ்கர் பார்னாக் 1879ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் ஜெர்மனியிற் பிறந்தார். 1902இல் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் அமர்ந்தார். ஓய்வு நாட்களிற் காடுமலை சுற்றிப் படமெடுத்தல் அவர்க்குப் பெருவிருப்பு. ஆயின் 13×18 செ.மீ. கண்ணாடித் தகடுகளும், பெரும் பெட்டியும், முக்காலியும் அவருடைய நலிந்த நெஞ்சிற்குப் பொறாச் சுமையாயின. சிறியதாக எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கலாகாதோவென எண்ணி, ஒரே தகட்டிற் பல சிறு படங்களை எடுத்துப் பார்த்தார். பெரிதாக்கியபொழுது தகட்டின் துகள்களும் உடன் பெருகித் தோன்றினமையால் அம்முயற்சி பலிக்கவில்லை.

1911இல் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையை அடைந்தார். அங்கே 35 மி.மீ. சினிமாப் பிலிம் அவர் கருத்தைக் கவர்ந்தது. சினிமாப் படத்தின் அளவு 18×24 மி.மீ. பிலிமைக் கிடையாக ஓடச்செய்து, அதனை இரட்டித்து 24×36 ஆக்கினார். 1914க்குள் முதற்கருவி உருவாயிற்று. ஆனால் சினிமாவிற்கென அமைந்த லென்ஸு இரட்டித்த படத்தின் மூலைகளை நன்கு எட்டவில்லை. பெட்டி எத்துணைச் சிறந்ததாயினும் அதன் கண் பொருந்தாதாயின் பயனில்லை. எனவே மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் அவ்வளவிற்கென்றே 50 மி.மீ. லென்ஸு ஒன்றை வகுத்தளித்தார்.

பின்பு போரும் வறுமையும் வந்தன. இக்கருவி விலைபோகாதென்று ஐயுற்றோர் பலர். எனினும் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924இல் துணிந்தார். 1925இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா வெளிவந்தது. பார்னாக் 1936ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் மறைந்தார்.

அவர் இரட்டித்ததை ஜப்பானியர் மைத்தானி என்பார் மீண்டும் பாதியாக்கினார். 1959இல் வெளிவந்த அவருடைய ஒலிம்பஸ் பென் 18×24 அளவினது. அதற்கேற்ப 28 மி.மீ. லென்ஸு உடையது. 36 படச் சுருளில் 72 படங்கள் கிடைக்கும். ஆயின் நெகட்டிவின் பரப்புப் பாதியாதலின், படத்தை மிகுதியும் பெரிதாக்கவேண்டும். லென்ஸின் சிறு குற்றமும் உடன் பெரிதாகும்.

ஆதலின், பழைய அரைப்பிரேம் காமிரா வாங்க விரும்பும் மாணவ நண்பர், பெட்டியின் மினுக்கில் மயங்காது, முதற்கண் லென்ஸை ஒளிக்கெதிரே பிடித்துப் பூஞ்சை உண்டோவென நோக்குக. ஈரமிக்க ஏலமலைச்சாரலில் அது எளிதிற் பற்றும். மரநிழலிற் படமெடுக்க ஒளியை மிகுதியாக ஏற்கும் லென்ஸே ஏற்றது. பின்னரே பெட்டியின் மூடுகதவையும் பிலிம் ஓட்டத்தையும் ஆராய்க.

தம் நெஞ்சின் நலிவை நொந்து மலையேறாது நின்றிருப்பாராயின் பார்னாக்கை யார் அறிவார்? தம் குறையையே அளவுகோலாகக் கொண்டு கருவியைச் செப்பஞ்செய்தார்; அதனால் பிறர் தோட்சுமையும் குறைந்தது.